புளி அப்பிளும் குறிஞ்சா இலையும்

கிங்ஸ்பரி, லண்டன்
14.2.1993

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். கொக்குவிலில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

சிவகௌரி அக்காவின் கையில் நீங்கள் கொடுத்துவிட்ட குறிஞ்சா இலைத் தூள் பத்திரமாக வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அவர் பட்ட பாட்டைக் கேட்டபோது, அந்தப் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றத்தான் தோன்றியது. ஆனால் உங்கள் தம்பி என்ன செய்தார் தெரியுமா? ஒரு மிடறு குடித்துவிட்டு, நேரே போய்ப் பாத்திரம் கழுவுகிற சிங்கில் துப்பினார்.

"இதைக் குடிக்கிறதிலும் பார்க்க, சீனி வருத்தத்தோடையே நான் இருந்திட்டுப் போறன்" என்கிறார்.

டொக்டர் தருகிற குளிசையைப் போடுகிறார்தான். ஆனாலும் சீனி இறங்கவில்லை. நாள் முழுவதும் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டம். பயணி இல்லாத நேரத்தில் காருக்குள் இருந்தே ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறார். போன மாதம் டொக்டர் கடுமையாகப் பேசி அனுப்பினார். கண்ணும் காலும் போய்விடும் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

குறிஞ்சாவைத் தேனோடு கொடுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. சீனிக்குப் பதிலாகக் கடையில் விற்கிற இனிப்புக் குளிசை இரண்டு போட்டேன். அதுவும் சரிவரவில்லை. எவ்வளவு போட்டாலும் இனிப்பு எங்கேயோ ஓடி ஒளித்துவிடுகிறது, கசப்பு மட்டும் நாக்கில் குந்திக்கொண்டிருக்கிறது. மச்சாள், இங்கே பள்ளிக்கூடக் குசினியில் இருநூற்றைம்பது பிள்ளைகளை முட்டைக்கோவா இலை தின்ன வைத்தவள் நான். ஒரு கொக்குவில் மனிதரைக் குடிக்க வைக்க என்னால் முடியாதா? முடியும். வழியை மட்டும் சொல்லுங்கள். இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக மருந்து கலந்தவர் நீங்கள்.

இப்படிக்கு,
அன்பு மச்சாள் சிவனேஸ்வரி

அக்கா, இவள் என்னை உயிரோடு விடமாட்டாள் போலிருக்கிறது. வேறு ஒரு குறையும் இல்லை. — தியாகு


கொக்குவில்
30.3.1993

அன்பின் சிவனேஸ்வரிக்கு,

உமது கடிதம் ஆறு வாரம் பயணம் செய்து நேற்று வந்தது. இருவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். எனக்கும் குறைவில்லை. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. ஆனால் பழகிவிட்டது.

உமது கேள்விக்கு வருகிறேன். குறிஞ்சா இலையில் நாக்கை மூடுகிற ஒரு குணம் இருக்கிறது. அது இனிப்பை மட்டும்தான் மூடும். இலையை மென்றுவிட்டு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டுப் பாரும். ஆற்று மணலைப் போட்டது போல இருக்கும். அரை மணித்தியாலம், சிலருக்கு அதற்கும் மேலே, அப்படித்தான். ஆகவே தேனோ பனங்கட்டியோ போடுவது வீண் வேலை. அந்த இலையோடு இனிப்பால் சண்டை பிடிக்க முடியாது.

ஆனால் புளிப்பையும் உப்பையும் அது தொடாது. வாசத்தையும் தொடாது. அந்த வழியால் போம். முதலில் புளிப்பு நாக்கில் படவேண்டும். ஒரு கிள்ளு உப்புப் போட்டால் கசப்பு தலை குனியும். நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்தால் கசப்பு பாதியாகத் தெரியும். இஞ்சி கடைசியில். இது ஆஸ்பத்திரியில் நான் பழகியதில்லை, எனது சொந்த அனுபவம்தான்.

அளவு: காலையில் அரைத் தேக்கரண்டித் தூள். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. தம்பி போடும் குளிசையின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதும். மறக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
பாலாம்பிகை


கிங்ஸ்பரி
9.5.1993

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாயிருக்கிறீர்களா? உங்கள் கடிதம் இம்முறை அதிசயமாக ஒரு கிழமையில் வந்துவிட்டது. எங்களுக்கு இங்கே சுகத்தோடு வெற்றியும் சேர்ந்திருக்கிறது!

நீங்கள் சொன்னது போலத் தூளை வாயில் போட்டுவிட்டுச் சீனியை மென்று பார்த்தேன். மணலேதான். உங்கள் தம்பிக்கும் கொடுத்தேன். "சிமெந்துக்குக் குழைக்கலாம்" என்றார். அன்றைக்கே இனிப்புப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

பழப்புளியில் தொடங்கினேன். ரசம் மாதிரி வந்தது, மருந்து மாதிரி வரவில்லை. தேசிக்காய் போட்டேன். புளித்தது, ஆனால் கசப்பும் கூடிவிட்டது. பிறகுதான் பள்ளிக்கூடக் குசினியில் பை என்ற இனிப்புப் பலகாரம் செய்கிற பச்சைப் புளி அப்பிள் கண்ணில் பட்டது. வெறும் வாயில் கடிக்க முடியாத புளிப்பு. ஆனால் அவித்தால் ஒரு வாசம் வரும், மச்சாள், தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அதை அவித்து வடித்து, குறிஞ்சாவும் பாவற்காய்ச் சாறும் விட்டு, ஒரு கிள்ளு உப்பும் கொஞ்சம் கொத்தமல்லியும் இஞ்சியும் சேர்த்து, பிரிட்ஜில் ஓர் இரவு வைத்தேன். ஏழாவது தடவையில் வந்தது. கசப்பு இருக்கிறது, ஆனால் பின்வரிசையில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சபாரத்தினம் அண்ணைக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். மறுநாள் வெறும் போத்தலோடு வந்து நிற்கிறார். கோயிலில் ஒருவருக்குச் சொல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பது பேர். வெம்பிளியில் கடை வைத்திருக்கிற கோபாலகிருஷ்ணன் மெட்ராசிலிருந்து தூள் எடுப்பித்துத் தந்தார். "மேடம், எல்லாரும் கேக்கிறாங்க, இங்கேயே வச்சுக் குடுத்திடலாமே" என்றார். இப்போது வாரம் நாற்பது போத்தல் போகிறது. எல்லோரும் சீனி வருத்தக்காரர். எல்லோரும் ருசித்துக் குடிக்கிறார்கள்.

உங்கள் தம்பிக்குச் சீனி நன்றாக இறங்கியிருக்கிறது. டொக்டர் ஏப்ரலில் குளிசையைக் கூட்டினார், அதனால்தான் என்று அவர் நினைக்கிறார். நினைக்கட்டும். கஷாயக் கதை சொன்னால் சிரிப்பார் என்று நான் வாய் திறக்கவில்லை. நாளையிலிருந்து காருக்கும் ஒரு பெரிய போத்தல் போகிறது.

அன்பு மச்சாள்,
சிவனேஸ்வரி

அக்கா, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். இப்போது நானே கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். தாகத்துக்கும் அதுதான். — தியாகு


கொக்குவில்
28.6.1993

அன்பின் சிவனேஸ்வரிக்கு,

நலம். நலமறிய ஆவல். உமது மே மாதக் கடிதம் இன்று காலையில் கிடைத்தது. ஆறவிடாமல் உடனே எழுதுகிறேன். இந்தக் கடிதம் எத்தனை கிழமை பிந்துமோ தெரியவில்லை. எழுத்துக் கோணலாக இருந்தால் விளக்கு வெளிச்சம் என்று நினைத்துக்கொள்ளும்.

புளி அப்பிளைக் கண்டுபிடித்தது உமது கெட்டித்தனம். நான் மெச்சுகிறேன். ஆனால் ஒன்றைக் கேளும். குறிஞ்சாவை அளவுக்கு மிஞ்சிக் குடிக்காமல் இவ்வளவு காலமும் சனத்தைத் தடுத்து வைத்திருந்தது டொக்டருமில்லை, நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியுமில்லை. கசப்புத்தான். அரைக் கரண்டியோடு முகத்தைச் சுழித்துக்கொண்டு வைத்துவிடுவார்கள். நீர் அந்தக் காவலை எடுத்துவிட்டீர். தாகத்துக்குக் குடிக்கிறேன் என்று தம்பி எழுதியிருக்கிறான். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குத் தேத்தண்ணீர் இறங்கவில்லை.

குளிசையும் கூடி, குறிஞ்சாவும் கூடினால், சீனி அளவுக்கு மிஞ்சிக் கீழே இறங்கிவிடும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முதலில் சொண்டு விறைக்கும், உதட்டைத் தொட்டால் தெரியாது. விரல் நுனி நடுங்கும். குளிர் வியர்வை வரும். காரணமில்லாமல் கோபம் வரும். பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் திறப்பைத் தேடவேண்டி வரும். பிறகு கண் இருட்டும். அந்த நேரத்தில் உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவேண்டும். குறிஞ்சா குடித்த வாய்க்கு அது மணலாக இருக்கும், வேண்டாம் என்று துப்பப் பார்ப்பார்கள். விடக்கூடாது. நாக்குக்குத் தெரியாவிட்டாலும் இரத்தத்துக்குத் தெரியும்.

காரில் வைக்கிற போத்தலை இன்றைக்கே எடுத்துவிடும். மற்ற ஆட்களுக்கும் சொல்லும். டொக்டரிடம் ஒளிக்க வேண்டாம், சிரித்தால் சிரிக்கட்டும். குளிசையின் பெயரை நான் கேட்டிருந்தேன். நீர் எழுதவில்லை.

அன்புடன்,
பாலாம்பிகை


கிங்ஸ்பரி
12.8.1993

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகத்துக்குப் பிரார்த்திக்கிறேன். நாங்கள் சுகம்.

ஜூன் 28இல் நீங்கள் எழுதிய கடிதம் இன்று கிடைத்தது. படித்தேன். சொன்னபடியே செய்கிறேன். பானம் செய்வதை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறை, வீட்டிலும் வேலை கூட.

இங்கே இம்முறை நல்ல வெயில் இல்லை. சிவகௌரி அக்கா உங்களைக் கேட்டார்.

உங்கள் தம்பி வேலைக்குப் போய்விட்டார். அதனால் இதில் எழுதவில்லை.

அன்பு மச்சாள்,
சிவனேஸ்வரி


கொக்குவில்
25.9.1993

அன்பின் சிவனேஸ்வரிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கவேண்டும் என்பது முறை. இம்முறை அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

உமது கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீர் எனக்கு எழுதத் தொடங்கிப் பதினொரு வருடம். இரண்டு பக்கத்துக்குக் குறைய எழுதியதில்லை. ஓரத்திலும் எழுதி, மடிக்கிற இடத்திலும் எழுதுகிறவர் நீர். இப்போது பத்து வரி. அதில் ஒன்று வெயிலைப் பற்றி.

ஏழு தடவை செய்து பார்த்து வென்ற ஒன்றை, நான் ஒரு கடிதம் எழுதினேன் என்பதற்காக நீர் வாய்பேசாமல் நிறுத்துகிற ஆள் இல்லை. என்னோடு சண்டை பிடித்திருப்பீர். காரணம் கேட்டிருப்பீர்.

தம்பி வேலைக்குப் போனால் கடிதத்தை வைத்திருந்து, அவன் வந்து இரண்டு வரி எழுதிய பிறகுதான் ஒட்டுவீர். மூன்று நாள் பிந்தினாலும் அப்படித்தான் செய்திருக்கிறீர்.

நான் மனப்பலம் உள்ளவள். இங்கே ஷெல் விழுந்து எழும்பி, மறுபடி அடுப்பு மூட்டுகிற சனம் நாங்கள். எதையும் தாங்குவேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டேன். அவன் இருக்கிறானா என்பதை மட்டும் முதல் வரியில் எழுதும். மற்றதைப் பிறகு எழுதலாம்.

நீர் சுகமா?

பாலாம்பிகை


கிங்ஸ்பரி
6.11.1993

அன்புள்ள மச்சாளுக்கு,

அவர் இருக்கிறார். நல்லாயிருக்கிறார். பக்கத்து அறையில், இப்போது தான் படிப்பிக்கிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

என்னை மன்னியுங்கள். உங்கள் ஜூன் கடிதம் வந்தபோது எல்லாம் நடந்து மூன்று வாரம் கடந்துவிட்டது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அப்படியே நடந்திருந்தது. அதை உங்களுக்கு எப்படி எழுதுவேன்? அவர் உங்களுடைய ஒரே தம்பி.

ஜூலை 21, புதன்கிழமை. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஹரோவில் ஓடிக்கொண்டிருந்தார். பெரிய போத்தல் முழுவதையும் குடித்திருக்கிறார். மூன்று மணியளவில் டொலறஸ் என்ற ஒருவரை ஏற்றினார். நாவாந்துறைப் பெண், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பின்னேர ஷிப்டுக்குப் போகிறவர். கார் இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியதும் அவர் கேட்டிருக்கிறார்: "அண்ணை, என்ன செய்யுறியள்? பாதையைப் பாருங்கோ!" இவர் திரும்பி, பேசாமல் இரு என்று ஏசினாராம். யாரையும் நீ என்று ஏசாத மனிதர்.

கார் நடைபாதையில் ஏறி பஸ் கம்பத்தில் மோதியது. கடவுளே என்று, கம்பத்தடியில் யாரும் நிற்கவில்லை. டொலறஸுக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது.

முறிந்த கையோடு அவர் முன்னால் வந்து பார்த்திருக்கிறார். இவர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, கண் திறந்தபடி, ஆள் நினைவில் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் இப்படி எத்தனையோ பேரைக் கண்டவர் அவர். தன் பையில் இருந்த, சீனி போட்ட தோடம்பழச் சோடாவைத் திறந்து வாயில் வைத்தார். இவர் துப்பினார். "மண்ணைத் தாறாய்! மண்ணைத் தாறாய்!" என்று கத்தி அந்தக் கையைத் தள்ளியிருக்கிறார். அது முறிந்த கை, மச்சாள். அந்த மனுசி கையை எடுக்கவில்லை. இடக்கையால் இவருடைய தலையை இருக்கையோடு அழுத்திப் பிடித்து, "மண்ணெண்டாலும் குடியுங்கோ அண்ணை, குடியுங்கோ" என்று கொஞ்சங் கொஞ்சமாக முழுவதையும் பருக்கியிருக்கிறார். அம்புலன்ஸ் வந்தபோது இவர் தன் பெயரைச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னிடம், வேறு என்ன குடிக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கூட்டிய குளிசையோடு இதுவுமா என்று கேட்டுவிட்டு, இன்னும் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று கேட்டார். வாரம் நாற்பது போத்தல் என்றேன்.

அன்று பின்னேரமே கோபாலகிருஷ்ணனின் கடைக்குப் போய் இருந்த போத்தலையெல்லாம் எடுத்தேன். அவர் பாவம், வாங்கியவர்களின் பெயரை எழுதித் தந்தார். நாலு நாள். கிங்ஸ்பரி, வெம்பிளி, ஹரோ. வீடு வீடாக ஏறினேன். இரண்டு பேருக்கு ஏற்கனவே நடுக்கம் வந்து போயிருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். சபாரத்தினம் அண்ணை தரமாட்டேன் என்று நின்றார்.

"பிள்ளை, உம்மடை மருந்தாலைதான் நான் படியேறுறன். அதைப் பறிக்க வந்திருக்கிறீரோ?"

"அண்ணை, நான் செய்தது மருந்து இல்லை. மருந்தைச் சர்பத்தாக்கிப் போட்டன். பிழை என்னிலை" என்றேன்.

அவருடைய குசினிக்குள் நானே போய், பிரிட்ஜைத் திறந்து, நாலு போத்தலையும் சிங்கில் ஊற்றினேன். அப்பிள் வாசம் வீடு முழுக்க எழும்பியது. அவர் கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஆள் உயிரோடு திரியட்டும்.

உங்கள் தம்பியின் லைசன்சை வாங்கி வைத்துவிட்டார்கள். இப்போது கோபாலகிருஷ்ணனின் கடையில் வேலைக்கு நிற்கிறார். டொலறஸின் கை பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிடுகிறார். அவருடைய தமையன் கஸ்பர் ஒரு நிவாரண அமைப்பின் லொறியோடு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து போகிறவராம். இந்தக் கடிதம் அவர் கையில்தான் வருகிறது.

நீங்கள் கேட்ட குளிசையின் பெயரை வேறு தாளில் எழுதியிருக்கிறேன். மார்ச்சில் எழுதியிருக்கவேண்டும்.

உங்கள்,
சிவனேஸ்வரி


கொக்குவில்
18.12.1993

அன்பின் சிவனேஸ்வரிக்கு,

கஸ்பர் தம்பி வீட்டுக்கே வந்து கடிதத்தைத் தந்தார். முதல் வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். பிறகு மற்றதைப் படித்தேன். நான் சுகம்.

உம்மில் எனக்குக் கோபமில்லை. பிழையில் பாதி என்னுடையது. குளிசையின் பெயர் தெரியாமல் நான் குறிஞ்சாவை அனுப்பியிருக்கக் கூடாது. இருபத்தெட்டு வருடம் மருந்து கொடுத்தவள், சொந்தத் தம்பிக்கு டொக்டரின் மருந்துத் துண்டு பார்க்காமல் கொடுத்திருக்கிறேன். தூரத்தில் இருக்கிறான், ஏதாவது செய்யவேண்டும் என்ற அவதி.

ஆனால் ஆகஸ்ட் கடிதத்துக்கு மன்னிப்பு இல்லை. மருந்துக்குப் புளி அப்பிள் போடும், குற்றமில்லை. எனக்கு எழுதுகிற கடிதத்துக்குப் போட வேண்டாம்.

நாலு நாள் வீடு வீடாக ஏறினீரே, அதை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குத் தெரியாது என்று இருந்துவிடுவார்கள். சபாரத்தினம் அண்ணை ஒருநாள் பேசுவார்.

டொலறஸுக்கு என் நன்றியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்து நீரே சொல்லும்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை வெட்டியிருக்கிறேன். கைதவறி எழுதியது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அன்புடன்,
பாலாம்பிகை


கிங்ஸ்பரி
22.1.1994

என் அன்பு அக்காவுக்கு,

இம்முறை முழுக் கடிதமும் நான்தான். சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் சுகம் என்று எழுதுவீர்கள்.

வெட்டிய வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் அழுத்தி வெட்டவில்லை, அக்கா. "நானும் ஒருநாள் கிணற்றடியில் இப்படி விழுந்தேன். என் குளிசை முடிந்து இப்போது இரண்டு வருடம்." அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வாய்விட்டுப் படித்தேன். சிவனேஸ் உடனே எழும்பினாள். பிறகு அலுமாரியிலிருந்து உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வந்து மேசையில் வரிசையாக வைத்தாள். 91ஆம் ஆண்டில் ஒரு பக்கத்தில் முப்பது வரி எழுதியிருக்கிறீர்கள். இந்த டிசம்பரில் பதினான்கு. ஒவ்வொரு எழுத்தும் வரவரப் பெரிதாகிறது. வரி இடப்பக்கத்தில் சரிந்து விழுகிறது. "விளக்கு வெளிச்சமில்லை இது, கண்" என்றாள். சொண்டு விறைக்கும், திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு தேடவேண்டி வரும் என்று நீங்கள் எழுதியபோது, ஆஸ்பத்திரியில் கண்டதை எழுதுகிறீர்கள் என்று நினைத்தோம். உங்களுக்கு வந்ததை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு பொட்டலம் குறிஞ்சா அனுப்பினீர்களே, அது உங்கள் பங்கில் பாதியா?

அக்கா, எனக்கு வேதம் ஓதிவிட்டு நீங்கள் இப்படிச் செய்யலாமா?

கஸ்பர் அண்ணையின் கையில் ஆறு மாதத்துக்குரிய குளிசை வருகிறது. இங்கே டொக்டரிடம் கேட்டு, சிறிய அளவில் தொடங்கும்படி எழுதி வாங்கியிருக்கிறேன். தாள் உள்ளே இருக்கிறது. தொடங்குகிற நாளிலிருந்து குறிஞ்சாவைத் தொடக்கூடாது. இது உங்கள் சட்டம்தான்.

குளிசை கண்ணைத் திருப்பித் தராது என்றும் டொக்டர் சொன்னார். அதற்கு உடனே கண் டொக்டரைப் பார்க்கவேண்டும், அது யாழ்ப்பாணத்தில் இப்போது நடக்காது. கடற்படை சுடுகிற கிளாலிக் கடலை வள்ளத்தில் கடப்பது பயம்தான், தெரியும். ஆனாலும் கொழும்புக்கு வாருங்கள். பக்கத்து வீட்டுக் கோதை ரீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் இருக்க இடம் ஒழுங்கு செய்திருக்கிறோம்.

போன மாதம் எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்தது. பத்து வருடத்தில் முதல் தடவையாக நான் எங்கேயும் போகலாம், திரும்பி வரலாம். அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து உங்களைப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.

உங்கள் தம்பி,
தியாகராஜா

மச்சாள், ஒரு வரி. கிளினிக்கில் நேர்ஸ் என்னை மாதத்தில் ஒருநாள் வந்து தமிழ்ச் சனத்தோடு பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறா. நாட்டு மருந்து குடிக்கிறவர்கள் டொக்டருக்கு ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். முதல் நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். சபாரத்தினம் அண்ணை கடைசி வரிசையில் இருந்தார். போகும்போது, "கொஞ்சம் சத்தமாக் கதையும், பிள்ளை" என்றார். — சிவனேஸ்


வெள்ளவத்தை, கொழும்பு
17.4.1994

அன்பின் தம்பிக்கும் சிவனேஸ்வரிக்கும்,

நேற்றுப் போனில் எல்லாம் சரி என்று சொன்னேன். போன் கடைக்காரர் பக்கத்தில் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இருவரும் அழுதுகொண்டிருந்தீர்கள். அந்தச் சத்தத்துக்குள் வேறு என்ன சொல்வது? ஒளிக்க வேண்டாம் என்று மற்றவருக்கு எழுதியவள், முறையாக எழுதவேண்டும் என்று இன்று காலையில் தாளோடு இருந்துவிட்டேன்.

கிளாலியால் வந்தோம். வள்ளத்தில் கோதை என் கையை விடவேயில்லை. பயந்தது அவள்தான். எனக்கு முக்கால்வாசி தெரியவில்லை, தெரியாததால் பயமும் குறைவு.

குளிசை இரண்டு மாதமாகப் போடுகிறேன். இங்கே இரத்தம் பார்த்தார்கள், சீனி நன்றாக இறங்கியிருக்கிறது. ஓம், உனக்கு அனுப்பியது என் பங்கில் பாதிதான். அதற்காக அழாதே. வேலியில் இன்னும் இருந்தது, பிடுங்கத்தான் கண் தெரியவில்லை.

கண் டொக்டர் இளம் ஆள், மெதுவாகப் பேசினார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். "ஒண்டரை வருசம், டொக்டர்" என்றேன். ஏன் முன்னமே வரவில்லை என்று கேட்க வாயெடுத்தார். எங்கிருந்து வருகிறேன் என்ற துண்டைப் பார்த்துவிட்டு, கேட்காமல் விட்டார்.

இடக்கண்ணுக்குள் இரத்தம் கசிந்து இறுகிவிட்டது. அது போய்விட்டது, இனி வராது. போனில் நான் சொல்லாதது இதுதான். வலக்கண்ணுக்கு லேசர் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்று தடவை முடிந்தது, இன்னும் இரண்டு இருக்கிறது. அந்தக் கண் நிற்கும் என்று டொக்டர் உறுதியாகச் சொன்னார். நேற்றுக் காலி வீதியில் பஸ்சின் இலக்கத்தை நானே வாசித்தேன். கோதை நம்பாமல் அடுத்ததையும் கேட்டாள். அதுவும் சரி.

அடுத்த வருடம் வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் அடுத்த வருடம்? நான் ஜூலை வரைக்கும் கொழும்பில் இருப்பேன். மற்றக் கண்ணுக்காகக் காத்திருந்து பலனில்லை, உங்கள் இரண்டு பேரையும் பார்க்க எனக்கு ஒன்று போதும். வருகிற திகதியை எழுதுங்கள். பிளேன் இறங்குகிற இடத்துக்கு நான் வந்து நிற்பேன்.

அன்பு அக்கா,
பாலாம்பிகை